உருவம் ஒன்று, குரல் வேறு: வால்பாறைப் புதர்த்தவளைகளில் எத்தனை சிற்றினங்கள் இருக்கக்கூடும்?

தேயிலைச்சாரல்:

அனைவருக்கும் வணக்கம். வால்பாறையில் தேயிலைத் தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தை ஒட்டி எங்கள் குடியிருப்பு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், பொழுது சாய்ந்ததும் வேலிப்புதர்களில் சின்னஞ்சிறு தவளைகள் கத்தத் தொடங்கிவிடும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உடல். விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத்தட்டுகள். கத்தும்போது ஏறத்தாழ உடலளவுக்கே புடைக்கும் குரல்பை. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், அந்தப் பையின் சவ்வு வழியே பின்னாலுள்ள இலையின் நரம்பு மங்கலாகத் தெரிகிறது. இவை புதர்த்தவளைகள் என்ற அளவில் எனக்குத் தெரியும்.

என் குழப்பம் அதற்கு மேல் தொடங்குகிறது. தேயிலைச் செடியின் மேல் அமர்ந்திருப்பது இடைவெளி விட்டு விட்டு ஒற்றை ஒற்றையாக ‘டிக்’ என்கிறது. சில அடி தள்ளிக் காட்டுக்குள் ஏலச்செடியின் இலையில் அமர்ந்திருப்பதோ ‘டிரிக்-டிக்-டிக்-டிக்’ என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறது. இரண்டையும் படமெடுத்து அருகருகே வைத்துப் பார்த்தால் என் கண்ணுக்கு எந்த வேறுபாடும் புலப்படவில்லை. அதே வேளையில், ஒரே குரலில் கத்துகிறவற்றுள்ளேயே ஒன்று வெறும் பழுப்பாகவும், இன்னொன்று முதுகில் வெளிர்ந்த பட்டைகளுடனும் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளைச் சிற்றினங்கள் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தி வருகிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தோட்டங்களும் சாலைகளும் உள்ள மலைகளில் இவை இத்தனை காலம் எப்படிக் கண்ணில் படாமல் இருந்தன? உருவம் ஒன்றாக இருக்கும்போது வேறு சிற்றினம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒன்றாக இருந்ததைப் பலவாகப் பிரித்துப் பெயர் வைப்பதால் தவளைகளுக்கு என்ன ஆகப்போகிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஈரச்சோலை:

நீங்கள் நிறத்தை நம்பாமல் குரலைக் கவனித்ததே சரியான தொடக்கம். நீங்கள் விவரிப்பவை ராவோர்கெஸ்டிஸ் என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதியைச் சேர்ந்தவையாகத்தான் இருக்க வேண்டும். பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பணியாற்றி, 1937-இல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றை விவரித்த சி. ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-இல் வைக்கப்பட்ட பெயர் அது. இன்று இப்பேரினத்தில் 70-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

தவளைகளில் கத்துவது பெரும்பாலும் ஆண்தான். இருட்டில், மழை இரைச்சலுக்கு நடுவே, தன் இனத்து ஆணைப் பெண் தவளை அடையாளம் காண்பது குரலை வைத்தே. ஆகவே குரல் மாறிய இடத்தில் இணைசேர்வது தடைப்படுகிறது. இணைசேர்வது தடைப்பட்ட இரு கூட்டங்கள், உருவத்தில் அச்சாக ஒன்றுபோல் இருந்தாலும், தனித்தனி வழியில் போகத் தொடங்கிவிடுகின்றன. உருவம் மாற வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. இரண்டும் அதே இலைகளில் அமர்கின்றன, ஏறக்குறைய அதே அளவுள்ள பூச்சிகளைத் தின்கின்றன, அதே பாம்புகளுக்குத் தப்ப வேண்டியிருக்கிறது. நிறமோ இதற்கு நேர்மாறானது: ஒரே சிற்றினத்துக்குள்ளேயே பட்டை உள்ளது, பட்டை இல்லாதது, பழுப்பு, பச்சை என்று பலவாக வரும். அந்தக் காலத்தில் நிறத்தை வைத்துப் பிரித்த சிலவற்றைப் பிற்காலத்தில் ஒன்றாக்க வேண்டியிருந்ததும், ஒன்றென்று கருதிய சிலவற்றைப் பிரிக்க வேண்டியிருந்ததும் இதனால்தான்.

ஆனால் குரலைக் காதால் கேட்டு மட்டும் முடிவுசெய்துவிட முடியாது. குளிர் கூடினால் அதே தவளை மெதுவாகக் கத்தும். உடல் பெரிதானால் சுருதி தாழும். பக்கத்தில் போட்டிக்கு இன்னோர் ஆண் வந்து அமர்ந்தால் கத்தும் வகையே மாறக்கூடும். ஆகையால் குரலைப் பதிவுசெய்யும்போதே காற்றின் வெப்பநிலையையும் தவளையின் உடல் நீளத்தையும் குறித்துக்கொண்டு, கணினியில் ஒலியை வரைபடமாக்கி, ஒரு கத்தலில் எத்தனை துடிப்புகள், துடிப்புகளுக்கு இடையே எவ்வளவு நேரம், எந்த அலைவெண்ணில் ஒலி வலுவாக இருக்கிறது என்று அளக்கிறார்கள். அவ்வாறு பல ஆண்களிடம் அளந்த பிறகும் இரு கூட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்து நின்றால்தான் அது சான்றாகும்.

2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சோனாலி கார்க், எஸ். டி. பிஜு ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஐந்து புதிய புதர்த்தவளைகளை விவரித்தபோது உடலமைப்பு, மரபணு, குரல் ஆகிய மூன்றையும் சேர்த்தே வைத்தார்கள். அவற்றுள் வெள்ளிக்கண்ணன் என்றே அறிவியல் பெயர் பெற்ற ஒன்றும் உண்டு. விரைவாகக் கத்தும் இயல்பையே பெயராகக் கொண்ட துருதாஹு என்பதும் அந்த ஐந்தில் ஒன்று.

உங்கள் பகுதியைப் பொறுத்தவரை, வால்பாறையிலிருந்தே விவரிக்கப்பட்ட ராவோர்கெஸ்டிஸ் ஜெயராமி இருக்கிறது. ஆனைமலையில் வேறு சிலவும் உள்ளன. படத்தை மட்டும் பார்த்து உங்களுடையது இன்னது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பழஞ்சுவடி:

இத்தனை காலம் எப்படிக் கண்ணில் படவில்லை என்ற கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். அவை கண்ணில் பட்டவைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்டன், சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் முதலியோர் திரட்டியவை சாராயத்தில் ஊறப்போட்டுப் பாதுகாக்கப்பட்டன; அவற்றுள் பல லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அருங்காட்சியகத்தில் அமர்ந்து குந்தர், பவுலஞ்சர் என்ற விலங்கியலாளர்கள் பெயர் வைத்தார்கள். சாராயத்தில் கிடந்த தவளையில் பச்சை போய்விடும், கண்ணின் பொன்னிறம் போய்விடும், குரல் என்ற ஒன்று இருந்ததற்கான தடயமே இராது. எஞ்சுவது வெளிறிய, சுருங்கிய ஒரு சிறு உடல். அதன் சீட்டில் இடமென்று எழுதியிருப்பதோ ‘மலபார்’ அல்லது ‘திருவாங்கூர்’. இன்று மலைக்கு மலை வேறு சிற்றினம் இருப்பது தெரிந்த பிறகு, ‘மலபார்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தத் தவளை எந்த மலையிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்த உடலை அடிப்படையாகக் கொண்டார்களோ அந்த உடல்தான் அப்பெயருக்கு உரியது. அதை வகைமாதிரி என்கிறோம். ஆகவே இன்று காட்டில் கிடைத்த ஒன்றைப் புதியது என்று அறிவிக்கும் முன், பழைய பெயர்கள் ஒவ்வொன்றின் வகைமாதிரியையும் தேடிப்பிடித்து, அது இதுவல்ல என்று காட்டியாக வேண்டும். நாராயண ராவ் விவரித்தவற்றின் வகைமாதிரிகள் தொலைந்துவிட்டன. அவருடைய எழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொன்ன இடங்களுக்கே திரும்பப் போய்த் தேட வேண்டிய நிலை. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி பொசைட்டும் 2009-இல் ஒரே கட்டுரையில் பன்னிரண்டு புதிய புதர்த்தவளைகளை விவரித்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்த அருங்காட்சியக உழைப்பும் இருக்கிறது. செய்தித்தாள்களில் காட்டில் எடுத்த படம் மட்டுமே வருகிறது என்பதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு.

களக்காடு முண்டந்துறையின் சலசோடெஸ் என்ற புதர்த்தவளையைப் பாருங்கள். குந்தர் 1870-களில் விவரித்தது. அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அதைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. 2010-இல் காணாமற்போன தவளைகளைத் தேடும் முயற்சி நாடளவில் தொடங்கப்பட்ட பிறகு, 2011-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. உயிருள்ளதைப் பார்த்தால் உடல் பளிச்சென்ற பச்சை, தொடையின் உட்புறம் மை ஊற்றியது போன்ற நீலம், கருவிழியைச் சுற்றிப் பொன்மஞ்சள் திட்டுகள். இவ்வளவு நிறம் கொண்ட ஒன்று ஏன் அகப்படவில்லை என்பதற்கான விடை, கே. எஸ். சேஷாத்ரி, கே. வி. குருராஜா, டேவிட் பிக்ஃபோர்ட் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அது நாணல் மூங்கிலின் கணுக்களுக்கு இடையே உள்ள பொள்ளலுக்குள் வாழ்க்கை நடத்துகிறது. தண்டில் ஏற்கெனவே இருக்கும் ஒடுங்கிய பிளவு வழியே உடலை நெருக்கிக்கொண்டு ஆண் உள்ளே நுழைகிறது, உள்ளிருந்தே கத்துகிறது, பெண் வந்து உள்ளேயே சில முட்டைகளை இட்டுப் போகிறது, ஆண் இருந்து காக்கிறது. ஆண் அகற்றப்பட்டால் பிற ஆண்கள் வந்து அம்முட்டைகளைத் தின்றுவிடுவதைச் சேஷாத்ரி பின்னர் காட்டினார். மூங்கிலுக்குள் ஒரு தவளை குடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காதவர் அந்தப் புதரைப் பலமுறை கடந்துபோயிருக்கலாம்.

மரபணுவைப் பற்றி ஒரு சொல். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுத் துண்டை ஒப்பிடுவது விரைவாகவும் மலிவாகவும் முடியும். எங்கே தேட வேண்டும் என்பதை அது சுட்டிக்காட்டும். அது தாய்வழியில் மட்டும் இறங்குவதால் அதை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியாகாது. தாய், தந்தை இருவழியிலும் இறங்கும் உட்கரு மரபணுக்களும் அதே கதையைச் சொல்ல வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்:

இலங்கையின் அனுபவத்தையும் இங்கே பதிவது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். எங்கள் மலையகத்தில் உள்ள புதர்த்தவளைகள் உங்களுடையவற்றின் நெருங்கிய உறவினம்; சூடோஃபிலாட்டஸ் என்பது பேரினத்தின் பெயர். 1990-களுக்கு முன்னர் விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களே இருப்பதாகக் கருதப்பட்டது. பின்னர் ஈரவலயக் காடுகளைத் துண்டு துண்டாகத் தேடி, மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாதவ மீகஸ்கும்புரவும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். கெலும் மனமேந்திர ஆரச்சியும் ரோஹான் பெத்தியாகொடவும் 2005-இல் ஒரே நூற்கட்டுரையில் இருபத்தேழு புதிய இனங்களை விவரித்தார்கள். 2013-இல் சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து மட்டும் எட்டு இனங்கள் புதிதாக விவரிக்கப்பட்டன. கெலார்ட் 1853-இல் விவரித்துவிட்டுப் போன விண்மீன் புள்ளித் தவளையும் அதே மலைக்காட்டில் மீண்டும் அகப்பட்டது.

இந்தக் கதையின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பழைய அருங்காட்சியகச் சாடிகளைத் திறந்து பார்த்தபோது, அவற்றில் இருந்த சில இனங்கள் இன்று எந்தக் காட்டிலும் இல்லை என்பது தெரியவந்தது. சாடியில் உள்ள உடலுக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போதே, அழிந்துபோனது என்றும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. அழிந்தவை என்று அறிவிக்கப்பட்ட இலங்கைப் புதர்த்தவளைகள் பதினைந்துக்கும் மேல். உலகில் இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இத்தனை தவளையினங்கள் அற்றுப்போன இடம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஈரவலய மழைக்காட்டில் ஏறத்தாழ ஐந்து வீதமே எஞ்சியிருக்கிறது. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் அழிக்கப்பட்ட மலைச்சரிவுகளில் எங்கள் முன்னோர்தான் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டு வேலை செய்தார்கள். ஆகவே இதை எவர்மீதும் பழியாகச் சொல்லாமல், இந்த மண்ணில் வாழ்கிறவனின் துயரமாகவே சொல்கிறேன்.

இத்தவளைகள் நீரில் தலைப்பிரட்டையாக வளர்வதில்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, முழுத் தவளைக்குஞ்சாகவே வெளியே வருகின்றன. எங்கள் இனங்களுள் பெரும்பாலானவை ஈரமண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். ஒரு சில இலையில் ஒட்டிவைக்கும். குளமோ ஓடையோ தேவையில்லை என்பதால் ஈரமுள்ள எந்தச் சரிவிலும் அவை குடியேற முடிந்தது. ஆனால் அந்த முட்டையின் ஈரம் ஒருநாளும் உலரக்கூடாது. காலநிலை வறண்ட காலங்களில் பள்ளத்தாக்குகள் காய்ந்துபோக, ஈரம் தங்கிய உச்சிகளில் அவை தனித்தனியாக ஒதுங்கின. மலைக்கு மலை வேறு இனம் உருவானதற்கு இதுவே முக்கியமான காரணமாகச் சொல்லப்படுகிறது.

எங்கள் தவளைகளின் மூதாதை இந்தியாவிலிருந்து நிலவழியே வந்தது. பின்னர் ஒரு கிளை இந்தியாவுக்கே திரும்பிப் போயிருக்கிறது. அகத்தியமலைப் பகுதியில் காணி மக்களின் பெயரால் கானி என்று வழங்கும் தவளை அந்தத் திரும்பிய கிளையைச் சேர்ந்தது.

கணவாய்க்காற்று:

மேலே எழுதியவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இருப்பினும் கேட்டவர் எழுப்பிய ஐயத்தில் நியாயம் இருக்கிறது என்று சொல்லவே வந்தேன். பெயர்களின் எண்ணிக்கை கூடுவதெல்லாம் சிற்றினங்களின் எண்ணிக்கை கூடுவதாகாது.

இரண்டு கூட்டங்கள் ஒரே சரிவில், ஒரே மழையில், ஒரே புதரில் கத்திக்கொண்டிருந்தும் மரபணு கலக்கவில்லை என்றால் பேச்சுக்கே இடமில்லை. அவை இரண்டு சிற்றினங்கள். தேயிலைச்சாரலின் தவளைகள் அப்படிப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிக்கல் வருவது தனித்தனி மலைகளில் வாழும் கூட்டங்களில்தான். பாலக்காட்டுக் கணவாயின் வடக்கே நீலகிரியில் ஒன்று, தெற்கே ஆனைமலையில் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலையில் ஒன்று என்று மூன்று கூட்டங்கள் இருந்தால், அவை சந்திக்கவே போவதில்லை. சந்தித்தால் இணைசேருமா என்று சோதிக்க வழியும் இல்லை. அங்கே மரபணு இடைவெளி எவ்வளவு இருந்தால் வேறு சிற்றினம் என்பது ஆய்வாளரின் முடிவையும் சார்ந்தது. நீண்டகாலம் பிரிந்திருந்த ஒரே சிற்றினத்தின் கிளைகளைக்கூடச் சில கணக்கீட்டு முறைகள் தனிச் சிற்றினங்களாகக் காட்டிவிடும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். பி. விஜயகுமார், கார்த்திக் சங்கர் முதலியோர் 2014-இல் ஒன்பது புதர்த்தவளைகளை விவரித்தபோது இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மலைத்தொடரின் நெடுகிலும், வெவ்வேறு உயரங்களில், முறையாகத் திரட்டி, முதலில் கிளைவழிகளைப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் உடலமைப்பு, குரல், வாழும் எல்லை ஆகியவற்றில் வேறுபாடு உண்டா என்று அடுக்கடுக்காகப் பார்த்தார்கள். அவ்வரிசை எனக்கு ஏற்புடையது. ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று உடல்களை எடுத்து, ஒரு மரபணுத் துண்டைப் படித்து, பெயர் வைத்துவிட்டு நகரும் வழக்கம்தான் எனக்கு ஏற்புடையதன்று.

பிரித்துப் பெயர் வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைத்தொடர் முழுவதும் பரவியிருப்பதாக எண்ணிய ஒரு தவளை உண்மையில் ஐந்து என்றால், ஒவ்வொன்றின் எல்லையும் ஓரிரு மலைகளாகச் சுருங்குகிறது. ஆனைமுடியில் 2010-இல் விவரிக்கப்பட்ட, செம்மஞ்சள் நிறமும் குட்டையான கால்களும் கொண்ட தரைவாழ் புதர்த்தவளை மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பெயர் இல்லாமல் அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. அதேபோல், தவறாகப் பிரித்த பெயரும் கேடுதான். பாதுகாப்புக்கான பணமும் ஆட்களும் குறைவாக உள்ள நாட்டில், இல்லாத ஒன்றைக் காக்கப் புறப்பட்டால் இருப்பது ஒன்று கைவிடப்படும்.

ஈரச்சோலை:

கணவாய்க்காற்று சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரே ஒரு திருத்தம். மலைகளில் பிரிந்திருக்கும் கூட்டங்களைச் சோதிக்க வழியே இல்லை என்பது முழுவதும் சரியன்று. ஒரு மலையின் குரலைப் பதிவுசெய்து இன்னொரு மலையின் ஆணுக்கு ஒலிக்கச்செய்து, தன் எல்லைக்குள் போட்டியாளர் வந்தது போல் அது பதிலுக்குக் கத்துகிறதா, பொருட்படுத்தாமல் இருக்கிறதா என்று பார்க்க முடியும். இறுதிச் சான்றாகாது, ஆயினும் பயனுள்ள சான்று.

வெப்பமண்டலத்தின் வேறு மழைக்காடுகளிலும் இதே நிலைதான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அமேசான் காட்டில் பரவலாக வாழ்வதாக நம்பப்பட்ட இரண்டு மரத்தவளைகளை ஈக்வடாரின் மார்செல் கமினேரும் சாந்தியாகோ ரோனும் மரபணு, குரல், உருவம் மூன்றையும் கொண்டு ஆராய்ந்து, அந்தக் கூட்டத்திலிருந்து 2014-இல் நான்கு புதிய சிற்றினங்களை விவரித்தார்கள். அங்கே மலைக்கணவாய்கள் இல்லாத தாழ்நிலக் காட்டிலேயே இப்படியென்றால், மடிப்பு மடிப்பாக மலைகள் உள்ள நம் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத பிரிவுகள் இருப்பதில் வியப்பில்லை.

தேயிலைச்சாரல்:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. நான் ஆய்வாளன் அல்லன். என்னிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் இங்கேயே இருப்பவன் என்ற முறையில் எதையாவது பயனுள்ள வகையில் பதிவுசெய்ய முடியுமா? அந்த இரண்டு தவளைகளில் ஒவ்வொன்றைப் பிடித்து யாருக்காவது அனுப்பினால் உதவுமா?

ஈரச்சோலை:

பிடிக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் நுழைவதற்கும் உயிரினங்களைத் திரட்டுவதற்கும் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி வேண்டும். அதோடு, ஈரத்தோல் வழியே பரவும் பூஞ்சை நோய் ஒன்று உலகெங்கும் தவளைகளை அழித்துவருகிறது. கையால் தொட்டு இடம் மாற்றுவது அதற்கு உதவியாகிவிடும்.

உங்கள் கைப்பேசிப் பதிவே போதும், சிலவற்றைக் கவனித்தால். ஒரு தவளையைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஓரடி ஈரடித் தொலைவில் நின்று, குறைந்தது இரண்டு நிமிடம் பதிவுசெய்யுங்கள். விளக்கை நேராக முகத்தில் அடித்தால் கத்துவதை நிறுத்திவிடும், ஆகவே பக்கவாட்டில் பிடியுங்கள். பதிவின் இறுதியில் நாள், நேரம், வெப்பநிலை, அமர்ந்திருந்த செடி, தரையிலிருந்து உயரம் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். குரலும் படமும் ஒரே தவளையுடையவை என்பது உறுதியாக இருக்க வேண்டும். இது தவறிப்போன பதிவுகள்தான் அதிகம். படத்தில் முதுகு, பக்கவாட்டு முகம், கண், தொடையின் உட்புறம் தெரிந்தால் நல்லது. எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்தியப் பல்லுயிர் வலைவாசலிலோ ஏற்றினால் ஆய்வாளர்கள் பார்ப்பார்கள். சிற்றினத்தின் பெயரை ஊகித்துப் போடாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்றும்போது தேயிலையில் கத்துவதையும் ஏலச்செடியில் கத்துவதையும் தனித்தனிப் பதிவாக இடுங்கள்; ஒரே இரவில் இரண்டையும் பதிந்தால் வெப்பநிலை வேறுபாடு என்ற ஐயம் எழாது. ஜூன் தொடக்கத்தில் கத்தல் உச்சத்தில் இருக்கும்போது சிலவும், மழை ஓயும் நேரத்தில் சிலவும் கிடைத்தால், அவற்றை ஒலி வரைபடமாக்கி இதே இழையில் இடுகிறேன்.